டிஃபால்ட் கேட்வேயும் டிஃபால்ட் ரூட்டும்: சப்நெட் பிரித்த நெட்வொர்க்கில் பாக்கெட் போய்த் திரும்பும் வழி

கணினிக்குக் கையால் ஐபி முகவரி கொடுக்கும்போது மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும்: முகவரி, சப்நெட் மாஸ்க் (முகவரியில் எவ்வளவு பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று காட்டும் எண்), டிஃபால்ட் கேட்வே (வெளியே போக வாசலாக இருக்கும் ரவுட்டரின் முகவரி). முதல் கட்டத்தை எல்லோரும் கவனமாக நிரப்புகிறார்கள். இரண்டாவதில் பெரும்பாலும் 255.255.255.0 என்று தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மூன்றாவதில் பக்கத்துக் கணினியில் இருப்பதைப் பார்த்துப் போட்டுவிடுகிறோம். ஒரே சப்நெட்டாக, அதாவது உட்பிரிவு எதுவும் இல்லாமல், இருக்கும் சின்ன நெட்வொர்க்கில் இப்படியே காலம் ஓடிவிடும். அதை நான்காகப் பிரித்த அன்றைக்குத்தான் சிக்கல் தொடங்கும். இணையம் வரும், அடுத்த அறைப் பிரிண்டர் வராது. ரவுட்டரிலிருந்து பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பதில் வாங்கும் சோதனை) போகும், கணினியிலிருந்து போகாது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். பாக்கெட், அதாவது நெட்வொர்க்கில் அனுப்பப்படும் தரவுத் துண்டு, போகும் வழியை முழுதாக அறிந்தவர் யாரும் இல்லை. வழியில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் ‘அடுத்து யார் கையில் கொடுப்பது’ என்பதை மட்டும் தானே முடிவு செய்கிறது. பதில் திரும்பி வருவதும் அப்படித்தான், அதற்குத் தனி முடிவுகள். போகும் வழி சரியாக இருப்பதால் திரும்பும் வழியும் சரியாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

முதல் வேலை: தாளில் வரைந்துகொள்ளுங்கள்

கட்டுரை முழுவதும் ஒரே நெட்வொர்க்கை வைத்துப் பார்ப்போம். 192.168.10.0/24 என்ற முகவரித் தொகுதி நம்மிடம் இருக்கிறது. அதை நான்கு /26 துண்டுகளாகப் பிரிக்கிறோம். /26 என்றால் முகவரியின் 32 பிட்களில் முதல் 26 பிட்கள் நெட்வொர்க்கைக் குறிக்கும், அதற்கு மாஸ்க் 255.255.255.192. ஒரு துண்டில் 64 முகவரிகள். அவற்றில் முதல் முகவரி சப்நெட்டின் பெயர், கடைசி முகவரி பிராட்காஸ்ட், அதாவது சப்நெட்டில் உள்ள எல்லோருக்கும் அனுப்ப. மீதி 62 கருவிகளுக்குக் கொடுக்கலாம்.

முதல் துண்டு 0 முதல் 63 வரை, கணக்குப் பிரிவுக்கு. இரண்டாவது 64 முதல் 127 வரை, சர்வர்களுக்கும் பிரிண்டர்களுக்கும். மூன்றாவது 128 முதல் 191 வரை, இப்போதைக்குக் காலி. நான்காவதில் 192.168.10.192/30 என்ற சின்னத் துண்டை மட்டும் எடுத்து, இரண்டு ரவுட்டர்களை இணைக்கும் கம்பிக்குக் கொடுக்கிறோம்.

ஆம், ரவுட்டர்கள் இரண்டு. ஒன்றை உள் ரவுட்டர் என்போம். கணக்குப் பிரிவின் பக்கம் அதன் முகவரி 192.168.10.1, சர்வர்கள் பக்கம் 192.168.10.65, இணைப்புக் கம்பியில் 192.168.10.194. இன்னொன்று வெளி ரவுட்டர். கம்பியின் மறுமுனையில் 192.168.10.193, அதற்கு அப்பால் இணையச் சேவை நிறுவனம்.

இதை உண்மையாகவே ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனக்கணக்கில் ஓட்டினால் 64-ஆ 65-ஆ என்ற இடத்தில்தான் தடுமாறுவோம்.

இரண்டாவது: கணினி எப்படி முடிவெடுக்கிறது

கணக்குப் பிரிவில் 192.168.10.20 என்ற கணினி. அது 192.168.10.70-இல் இருக்கும் பிரிண்டருக்கு ஒரு பாக்கெட் அனுப்ப வேண்டும். இரண்டு முகவரிகளும் பார்வைக்கு அக்கம்பக்கம்தான். ஆனால் கணினி பார்வையால் முடிவு செய்வதில்லை, மாஸ்க்கை வைத்து முடிவு செய்கிறது.

மாஸ்க்கின் கடைசி எண் 192, இரும எண்ணில் 11000000. தன் முகவரியின் கடைசி எண் 20, அது 00010100. இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1 போட்டால் விடை 0. ஆக, தான் இருப்பது 192.168.10.0 சப்நெட். அடுத்து 70, அது 01000110. மாஸ்க்கோடு சேர்த்தால் 01000000, அதாவது 64. பிரிண்டர் இருப்பது 192.168.10.64 சப்நெட். இரண்டும் வேறு. ‘இது நம் தெருவில் இல்லை, கேட்வேயிடம் கொடுத்துவிடலாம்’ என்பது கணினியின் முடிவு.

கவனியுங்கள்: இந்தக் கணக்கில் பிரிண்டரின் மாஸ்க் எங்கும் வரவில்லை. கணினிக்கு அது தெரியவும் தெரியாது. தன் மாஸ்க்கைத்தான் அடுத்தவர் முகவரிக்கும் போட்டுப் பார்க்கிறது. அதனால்தான் ஒரு பக்கத்தில் மாஸ்க் தவறானால் ஒரு திசையில் மட்டும் கோளாறு வருகிறது.

இனி கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கேட்வேயிடம் கொடுப்பது என்றால், பாக்கெட்டில் கேட்வேயின் ஐபி முகவரியை எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கணினி ஏஆர்பி (ஐபி முகவரிக்கு உரிய மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டின் வன்பொருள் முகவரியை, கேட்டறியும் முறை) மூலம் ‘192.168.10.1 யாருடையது, உன் மேக் முகவரி என்ன’ என்று தன் சப்நெட் முழுவதும் கேட்கும் வகையில் கூவுகிறது. ரவுட்டர் தன் மேக் முகவரியைச் சொல்கிறது. பிறகு கணினி அனுப்பும் பாக்கெட்டில் பெறுநரின் ஐபி முகவரி பிரிண்டருடைய 192.168.10.70-தான். அதைச் சுற்றியிருக்கும் உறையில், அதாவது ஈதர்நெட் ஃபிரேமில், பெறுநரின் மேக் முகவரியாக ரவுட்டருடையது இருக்கும். கேட்வேயின் ஐபி முகவரி அந்தப் பாக்கெட்டில் எங்கும் கிடையாது. மேக் முகவரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள மட்டுமே அது பயன்பட்டது.

ரவுட்டர் உறையைக் கிழித்து உள்ளே பார்க்கிறது. பெறுநர் 70. பாக்கெட் இன்னும் எத்தனை ரவுட்டர்களைத் தாண்டலாம் என்று சொல்லும் டிடிஎல் எண்ணில் ஒன்றைக் குறைக்கிறது. சர்வர்கள் பக்கத்தில் 70-இன் மேக் முகவரியை ஏஆர்பியில் கேட்டு, புது உறையில் போட்டு அனுப்புகிறது. உறை ஒவ்வொரு கட்டத்திலும் மாறுகிறது. உள்ளே இருக்கும் ஐபி முகவரிகள் மாறுவதில்லை. வெளி ரவுட்டரில் நேட் (உள் முகவரியை இணையத்தில் செல்லும் பொது முகவரியாக மாற்றுவது) நடக்கும்போது மட்டும் அவையும் மாறும்.

கேட்வேயின் முகவரி கணினியின் சொந்த சப்நெட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற விதி எங்கிருந்து வருகிறது என்பது இப்போது புரியும். ஏஆர்பியின் கூவல் சப்நெட்டைத் தாண்டாது. 192.168.10.20-க்கு 192.168.10.65-ஐக் கேட்வேயாகக் கொடுத்தால், அது அதே ரவுட்டர்தான் என்றாலும் வேலைக்கு ஆகாது. ரவுட்டரின் எந்த முகம் நம் பக்கம் பார்த்து நிற்கிறதோ, அந்த முகத்தின் முகவரிதான் நம் கேட்வே. சப்நெட் நான்கென்றால் கேட்வேயும் நான்கு. பழக்கத்தில் துண்டின் முதல் முகவரியைக் கேட்வேக்கு வைக்கிறார்கள், சிலர் கடைசியை வைக்கிறார்கள். எதை வைத்தாலும் எல்லாத் துண்டிலும் ஒரே மாதிரி வையுங்கள்.

மூன்றாவது: கேட்வே வேறு, ரூட் வேறா?

இரண்டும் ஒரே எண்ணத்தின் இரண்டு பெயர்கள் என்று சொல்லலாம், ஆனால் இருக்கும் இடம் வேறு. டிஃபால்ட் கேட்வே என்பது ஒரு முகவரி. டிஃபால்ட் ரூட் என்பது ரூட்டிங் டேபிளில், அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலில், ஒரு வரி. கேட்வே கட்டத்தில் 192.168.10.1 என்று நீங்கள் நிரப்பியதும், கணினி தன் ரூட்டிங் டேபிளில் ‘0.0.0.0/0-க்குப் போக வேண்டியவை 192.168.10.1 வழியாக’ என்று ஒரு வரி எழுதிக்கொள்கிறது. விண்டோஸில் ரூட் பிரிண்ட் என்ற கட்டளையும் லினக்ஸில் ஐபி ரூட் என்ற கட்டளையும் அந்த வரியைக் காட்டும். ஒருமுறை போட்டுப் பாருங்கள். கணினியும் ஒரு ரூட்டிங் டேபிளை வைத்துக்கொண்டுதான் இயங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு பல விஷயங்கள் எளிதாகிவிடும்.

0.0.0.0/0 என்றால் எந்த பிட்டும் பொருந்த வேண்டியதில்லை. ஆகவே எல்லா முகவரியும் அதற்குப் பொருந்தும். அப்படியென்றால் எல்லாம் அந்த வழியாகவே போய்விடாதா? போகாது. ஒரு முகவரிக்குப் பல வரிகள் பொருந்தினால், அதிக பிட்கள் பொருந்தும் வரிதான் வெல்லும். /30 இருந்தால் /26-ஐ வெல்லும், /26 இருந்தால் /24-ஐ வெல்லும், /0 எல்லாவற்றிடமும் தோற்கும். வேறு எதுவும் பொருந்தாதபோது மட்டும் பிடித்துக்கொள்ளும் கடைசி வரிதான் டிஃபால்ட் ரூட். டேபிளில் அது மேலே எழுதப்பட்டிருந்தாலும் கீழே எழுதப்பட்டிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

ஸ்விட்சுக்கும் கேட்வே கொடுக்கச் சொல்கிறார்களே என்று கேட்பீர்கள். இரண்டாம் அடுக்கு ஸ்விட்சில் (மேக் முகவரியைப் பார்த்து மட்டும் அனுப்பும் ஸ்விட்ச்) கொடுக்கும் கேட்வே, அந்த ஸ்விட்சை நீங்கள் வேறு சப்நெட்டிலிருந்து நிர்வகிப்பதற்கு மட்டும். அதில் மாட்டியிருக்கும் கணினிகளின் போக்குவரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான்காவது: ரவுட்டர்களில் வழி எழுதுதல்

உள் ரவுட்டருக்கு மூன்று சப்நெட்கள் நேரடியாகத் தெரியும், அதன் கம்பிகளே அவற்றில் இருக்கின்றன. அவற்றுக்கு எதுவும் எழுத வேண்டாம். வெளியுலகத்துக்கு ஒரே வரி போதும்:

0.0.0.0/0 → 192.168.10.193

வெளி ரவுட்டருக்கு இணைப்புக் கம்பி தெரியும், இணையத்தின் பக்கம் அதற்கும் ஒரு டிஃபால்ட் ரூட் இருக்கும். இதோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். சோதித்துப் பார்ப்போம். உள் ரவுட்டரில் உட்கார்ந்து 193-க்கு பிங் போட்டால் பதில் வருகிறது. 192.168.10.20 கணினியிலிருந்து போட்டால் வரவில்லை. கம்பி ஒன்று, போகும் வழி ஒன்று, முடிவு மட்டும் ஏன் வேறு?

உள் ரவுட்டரிலிருந்து பிங் போகும்போது அனுப்புநர் முகவரி 194. வெளி ரவுட்டருக்கு 194 யாரென்று தெரியும், அதே கம்பியின் மறுமுனை. கணினியிலிருந்து போகும்போது அனுப்புநர் 192.168.10.20. பிங் சரியாகவே 193-க்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் அனுப்பும் நேரத்தில் வெளி ரவுட்டர் தன் டேபிளில் 192.168.10.20-ஐத் தேடுகிறது. பொருந்தும் வரி எதுவும் இல்லை. அப்புறம் என்ன, தன் டிஃபால்ட் ரூட்டில், அதாவது இணையத்தின் பக்கம் அனுப்பிவிடுகிறது. 192.168 என்று தொடங்குபவை தனிப்பட்ட முகவரிகள், இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. பதில் அங்கே தொலைந்துபோகிறது.

இந்த ஒரு கோளாறை நன்றாகப் புரிந்துகொண்டால் ரூட்டிங்கின் பெரும்பகுதி கைவந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். வெளி ரவுட்டரில் திரும்பும் வழிகளை எழுத வேண்டும்:

192.168.10.0/26 → 192.168.10.194
192.168.10.64/26 → 192.168.10.194

இப்போது 193-இலிருந்து பதில் வரும். இணையம் இன்னும் வரவில்லையென்றால் நேட் விதியைப் பாருங்கள். இணைப்புக் கம்பியின் துண்டுக்கு மட்டும் நேட் எழுதியிருந்தால், உள்ளே இருக்கும் சப்நெட்களின் முகவரிகள் மாற்றப்படாமலே வெளியே போகும், அவற்றுக்கும் பதில் வராது. நேட் விதியில் இரண்டு /26-களையும் சேர்க்க வேண்டும்.

தனித்தனியாக இரண்டு வரி எதற்கு, 192.168.10.0/24 → 192.168.10.194 என்று ஒரே வரியாக எழுதினால் போதாதா என்று தோன்றும். எழுதலாம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. மூன்றாவது துண்டு காலி என்று சொன்னேன் அல்லவா? கணினியில் யாரோ தவறுதலாக 192.168.10.130-க்கு பிங் போடுகிறார். உள் ரவுட்டருக்கு 130 தெரியாது, டிஃபால்ட் ரூட்டில் வெளி ரவுட்டருக்கு அனுப்புகிறது. வெளி ரவுட்டரில் /24 வரி பொருந்துகிறது, உள் ரவுட்டருக்கே திருப்பி அனுப்புகிறது. அது மறுபடி வெளி ரவுட்டருக்கு. இப்படி டிடிஎல் தீரும்வரை பாக்கெட் பந்து மாதிரி போய்வருகிறது. பாக்கெட் தாண்டும் ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையைப் போட்டால் 193, 194, 193, 194 என்று மாறி மாறி வரும். அப்படி வந்தால் நீங்கள் பார்ப்பது ரூட்டிங் வளையம்.

தீர்வு சுலபம். உள் ரவுட்டரில் 192.168.10.0/24-ஐ ‘நல்’ முகத்துக்கு, அதாவது குப்பைத் தொட்டிக்கு, அனுப்பும்படி ஒரு வரி எழுதுங்கள். உள்ளதையும் அது விழுங்கிவிடுமே என்று பயப்பட வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் /26-களும் /30-உம் அதைவிட அதிக பிட் பொருந்துவதால் அவையே வெல்லும். காலித் துண்டுக்குப் போகும் பாக்கெட் மட்டும் அங்கேயே நின்றுவிடும்.

மாஸ்க் தவறினால் என்ன தெரியும்

தொடக்கத்தில் சொன்ன 255.255.255.0-க்கு வருவோம். 192 என்று தொடங்கும் முகவரிகள் பழைய வகுப்பு முறையில் சி வகுப்பு, அதன் மாஸ்க் அதுதான். 1993-இல் சிஐடிஆர் (வகுப்பு பார்க்காமல் எந்த பிட்டிலும் பிரிக்கும் முறை) வந்து அந்த வகுப்பு முறையை ஓரங்கட்டிவிட்டது. ஆனாலும் முகவரியை நிரப்பினால் பழைய மாஸ்க்கைத் தானாகப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பிரித்த நெட்வொர்க்கில் அதை அப்படியே விட்டுவிட்டால் வரும் அறிகுறிகள் இவை.

கணினி 20-இல் மாஸ்க் 255.255.255.0 என்று இருந்தால், அது 70-ஐயும் தன் தெருவிலேயே இருப்பதாக நினைத்து நேரடியாக ஏஆர்பியில் கூவும். பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. விண்டோஸில் ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று கணினியின் சொந்த முகவரியிலிருந்தே பதில் வரும். இணையம் மட்டும் ஒழுங்காக வேலை செய்யும், ஏனென்றால் வெளி முகவரிகள் எந்த மாஸ்க்கிலும் வெளியேதான். ‘நெட் வருகிறது, பிரிண்டர்தான் வரவில்லை’ என்று யாராவது சொன்னால் பிரிண்டரைத் தொடும் முன் அவர் கணினியின் மாஸ்க்கைப் பாருங்கள்.

கணினி சரியாக இருந்து, பிரிண்டரில் மாஸ்க் தவறாக இருந்தால் அறிகுறி மாறும். பிங் பிரிண்டருக்குப் போய்ச் சேரும். பதில் அனுப்ப வேண்டிய பிரிண்டர் 20-ஐத் தன் சப்நெட்டில் தேடிக்கொண்டு நிற்கும். நம் திரையில் ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’. இரண்டு செய்திகளுக்கும் உள்ள வேறுபாட்டை நினைவில் வையுங்கள். முதலாவது என்னால் அனுப்பவே முடியவில்லை என்கிறது. இரண்டாவது, அனுப்பினேன், பதில் வரவில்லை என்கிறது. சில ரவுட்டர்களில் பிராக்ஸி ஏஆர்பி இயங்கும். 70-ஐக் கேட்டுக் கூவினால், அது நான்தான் என்று ரவுட்டரே பதில் சொல்லிவிடும். அப்போது தவறான மாஸ்க்கோடும் எல்லாம் வேலை செய்யும், ரவுட்டரை மாற்றும் நாள் வரை.

மாஸ்க் தேவைக்கு மேல் குறுகினாலும் வம்புதான். 192.168.10.40 கணினியில் /27 என்று போட்டுவிட்டால் அதன் சப்நெட் 32 முதல் 63 வரை. கேட்வே 1 அதற்கு வெளியே போய்விடும், வெளியே எதுவும் போகாது. அதே /27-ஐ 20-இல் போட்டால் சப்நெட் 0 முதல் 31 வரை, கேட்வே உள்ளேயே இருக்கிறது. 40-க்குப் போக வேண்டியதைக் கேட்வே வழியாகச் சுற்றி அனுப்பும், பதில் நேரடியாக வரும். பெரும்பாலும் யாருக்கும் எதுவும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டு நெட்வொர்க் கார்டு இருக்கும் சர்வரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு கார்டிலும் டிஃபால்ட் கேட்வே கொடுக்காதீர்கள். கொடுத்தால் இரண்டு 0.0.0.0/0 வரிகள் உருவாகும், மெட்ரிக் (வழிக்குக் கொடுக்கும் முன்னுரிமை எண்) குறைவான ஒன்றுதான் பயன்படும். ஒரு கார்டில் வந்த கேள்விக்கு மறு கார்டு வழியாகப் பதில் போகும், நடுவில் ஃபயர்வால் இருந்தால் தடுத்துவிடும். ஒரு கார்டில் மட்டும் கேட்வே கொடுத்து, மறு பக்கத்துக்குத் தேவையான சப்நெட்களுக்குத் தனி ரூட் எழுதுவதே சரி.

கோளாறு வந்தால் சோதிக்கும் வரிசை

உள்ளிருந்து வெளியே போங்கள், நடுவில் தாவாதீர்கள்.

1. கணினியின் முகவரி, மாஸ்க், கேட்வே மூன்றையும் தாளில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். முகவரி 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபியிலிருந்து (முகவரியைத் தானாகக் கொடுக்கும் சேவை) முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

2. கேட்வேக்கு பிங். வரவில்லையென்றால் ஏஆர்பி டேபிளைப் பாருங்கள். கேட்வேயின் மேக் முகவரி அங்கே இருந்தால் கம்பியும் விலேனும் (ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் அமைப்பு) சரி, ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். மேக் முகவரியே இல்லையென்றால் கம்பி, ஸ்விட்ச் போர்ட், விலேன் ஆகியவற்றைப் பாருங்கள்.

3. ரவுட்டரின் மறு முகத்துக்கு, நம் எடுத்துக்காட்டில் 192.168.10.65-க்கு. கேட்வே வந்து இது வரவில்லையென்றால் மாஸ்க்கைச் சந்தேகியுங்கள்.

4. அடுத்த சப்நெட்டில் இருக்கும் கருவிக்கு. மூன்றாவது படி சரியாக வந்து இது வரவில்லையென்றால் கோளாறு பெரும்பாலும் அந்தக் கருவியின் பக்கம். அதன் மாஸ்க்கையும் கேட்வேயையும் அங்கேயே போய்ப் பாருங்கள்.

5. 194, பிறகு 193. முதலாவது வந்து இரண்டாவது வரவில்லையென்றால் வெளி ரவுட்டரில் திரும்பும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். உள் ரவுட்டரிலிருந்து பிங் போட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். அங்கிருந்துதான் சோதிக்க வேண்டுமென்றால், அனுப்புநர் முகவரியாக 192.168.10.1-ஐக் குறிப்பிட்டுப் போடுங்கள்.

6. கடைசியாக இணையத்தில் ஒரு முகவரிக்கு ட்ரேஸ்ரூட். எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த ரவுட்டரையும் அதற்கு அடுத்ததையும் பாருங்கள். நின்ற இடத்திலேயே கோளாறு இருக்க வேண்டும் என்பதில்லை, அடுத்த ரவுட்டருக்குத் திரும்பும் வழி தெரியாமலும் இருக்கலாம்.

நான்காவது படியில் ஒரு எச்சரிக்கை. வேறு சப்நெட்டிலிருந்து வரும் பிங்குக்கு மட்டும் பதில் சொல்லாதபடி பல கணினிகளில் ஃபயர்வால் அமைந்திருக்கும். அதே சப்நெட்டுக்குள் பதில் வந்து, ரவுட்டரைத் தாண்டி வந்தால் மட்டும் வரவில்லையென்றால், கேட்வேயைக் கலைப்பதற்கு முன் அந்தக் கணினியின் ஃபயர்வாலைப் பாருங்கள். பிங்குக்குப் பதிலாக, அந்தக் கருவி உண்மையில் தரும் சேவையின் போர்ட்டுக்கு (சேவையைக் குறிக்கும் எண்), பிரிண்டர் என்றால் 9100-க்கு, இணைப்புக் கிடைக்கிறதா என்று சோதிப்பது இன்னும் நல்லது.